நாகர்கோவிலில் கைத்தையல் தோல்பை சொல்லிச் செய்வதற்கு முன்

கேட்டவரின் கேள்வி சுருக்கமாக இதுதான். நாகர்கோவிலில் கையாலேயே தைக்கிற ஒருவரிடம், ஆபீஸுக்குத் தோளில் போட்டுப் போக ஒரு தோல்பை சொல்ல எண்ணம். லேப்டாப், சாப்பாட்டு டப்பா, குடை மூன்றும் அடங்க வேண்டும். கடையில் தொங்கும் பையைப் போல மூன்று மடங்கு விலை சொல்கிறார். அது நியாயமா, எதையெல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டும், நம்ம ஊர் மழைக்குத் தோல் தாங்குமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், மற்ற இரண்டும் அதைப் பொறுத்தவை. தோல் தாங்கும். தாங்காமல் போவது தோலோடு சேர்க்கிற சாமான்கள்: இரும்பு வளையம், பருத்தி நூல், துணி லைனிங், ஸ்பாஞ்ச், மழை நாளில் அவசரமாகத் தடவின பசை. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் வாங்குகிற மாவட்டம் இது. குளச்சல், முட்டம், கன்னியாகுமரி என்று கடலோரமாக இருந்தால் ஈரத்தோடு உப்பும் சேரும். அதனால் பெங்களூரிலோ கோயம்புத்தூரிலோ யாரோ செய்த பையின் படத்தைக் காட்டி "இதே மாதிரி வேணும்" என்று கேட்காதீர்கள். இங்கே பையை ஈரத்தை மனதில் வைத்துத்தான் திட்டமிட வேண்டும்.

கடையில் தோல்பை என்று தொங்குவதில் பலவும் துணி மேல் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூச்சு போட்ட சரக்கு. அந்தப் பூச்சு காற்றில் உள்ள ஈரத்தோடு வினைபுரிந்து தானாகவே சிதையும். வாங்கின இரண்டு மூன்று வருடத்தில் தோளில் மாட்டும் பட்டையில் (இனி தோள்பட்டை) செதில் செதிலாக உரிவது அதனால்தான், நீங்கள் பராமரிக்காததால் அல்ல. அலமாரியில் பூட்டி வைத்தாலும் உரியும். இதோடு கைத்தையல் பையின் விலையை ஒப்பிட்டால் எப்போதும் மூன்று மடங்காகத்தான் தெரியும். ஒப்பிடுவதானால் நிஜத் தோலில் மிஷின் தையல் போட்ட பையோடு ஒப்பிடுங்கள்.

இனி தோல். இங்கே கைவேலைக்காரர்கள் எடுப்பது வெளியூர்ச் சரக்கு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, திண்டுக்கல், திருச்சி, ஈரோடு வட்டாரங்களிலிருந்து வரும். இல்லையென்றால் சென்னை பெரியமேட்டில் சில்லறையாக எடுப்பார்கள். பதம் முக்கியமாக இரண்டு வகை. ஆவாரம்பட்டை, கடுக்காய், இப்போது பெரும்பாலும் வாட்டில் மரப்பட்டைச் சாறு கொண்டு பதனிட்டது பட்டைத்தோல்; வியாபாரிகள் வெஜ் என்பார்கள். குரோமிய உப்பில் பதனிட்டது குரோம் தோல். வெட்டின ஓரத்தைப் பார்த்தால் தெரியும். பட்டைத்தோல் நடுவரைக்கும் பழுப்பாக இருக்கும். குரோம் தோலில் மேல்நிறம் எதுவானாலும் நடுவில் நீலச்சாம்பல் கோடு தெரியும். சாயம் உள்வரை இறங்கியிருந்தால் இந்தக் கோடு மறைந்துவிடும். அப்போது ஒரு சிறு துண்டைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுப் பாருங்கள். பட்டைத்தோல் சுருண்டு விறைத்துவிடும், குரோம் தோல் பெரிதாக மாறாது.

எது நல்லது என்பது நீங்கள் எப்படிப் போய் வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பட்டைத்தோல் வடிவம் நிற்கும், ஓரம் தேய்க்கத் தேய்க்க மெழுகியது போலாகும், வருடம் போகப் போக நிறம் கூடும். ஆனால் மழைத்துளி விழுந்தால் கறை நிற்கும், பூஞ்சணமும் சீக்கிரம் பிடிக்கும். குரோம் தோல் நனைந்தாலும் அவ்வளவாகக் கலங்காது. ஆனால் தொளதொளவென்று இருக்கும், ஓரத்துக்குப் பெயின்ட் அடித்துத்தான் ஆக வேண்டும். மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் வந்து போகிறவர் பட்டைத்தோல் எடுக்கலாம். ஆடிச் சாரலிலும் பைக்கில்தான் போவேன் என்பவருக்கு உடல்பகுதி குரோம் தோலிலும் தோள்பட்டை மட்டும் பட்டைத்தோலிலும் இருப்பதே என் சிபாரிசு. தோள்பட்டை குரோமில் இருந்தால் இழுத்து இழுத்து நீளும்.

இதற்கிடையில் ஒரு எச்சரிக்கை. "எங்க ஊர்ல செண்டைக்குத் தோல் போடுகிறவர் இருக்கிறார், அவரிடம் மலிவாகக் கிடைக்கும்" என்று யாராவது சொன்னால் போகாதீர்கள். செண்டைக்குப் போடுவது பதனிடாத பச்சைத்தோல். காய்ந்தால் விறைப்பு, நனைந்தால் குழைவு, இரண்டு நாள் ஈரமாகவே இருந்தால் நாற்றம். மேளத்துக்கு அந்த விறைப்புதான் வேண்டும், பைக்கு ஆகாது.

ஒரே மாட்டுத் தோலிலும் எல்லா இடமும் ஒன்றல்ல. முதுகும் பின்புறமும் நெருக்கமான நார், வயிற்றுப்பக்கம் தளர்ந்த நார், கழுத்துப்பக்கம் மடிப்பு வரி. தோலின் மேல்பக்கம் உள்ளே வரும்படி இரண்டு விரலால் மடக்கிப் பாருங்கள். மெல்லிய நெருக்கமான வரி விழுந்தால் முதுகுப்பகுதி. மேல்தோல் தனியாகக் கழன்றதுபோல் பெரிய சுருக்கம் எழும்பினால் வயிற்றுப்பகுதி, அதை உள்பாக்கெட்டுக்கு மட்டும் விடச் சொல்லுங்கள். தோள்பட்டை கண்டிப்பாக முதுகெலும்புக்கு இணையாக, முதுகுப்பகுதியிலிருந்துதான் வெட்ட வேண்டும். வயிற்றோரத்தில் குறுக்காக வெட்டின பட்டை நாளாக ஆகப் பாம்பாக வளைந்து ஒருபக்கம் நீண்டுவிடும், அதற்கு வைத்தியம் கிடையாது. நம்ம நாட்டு மாட்டுத்தோலில் உண்ணி கடித்த புள்ளி, முள் கீறல், சூடு போட்ட தடம் எல்லாம் சகஜம். அவை இருப்பது குற்றமில்லை. மடிப்பு விழும் இடத்திலும் தோள்பட்டையிலும் கீறல் வரக்கூடாது, அவ்வளவுதான். வேலை தெரிந்தவர் அட்டையில் வெட்டின பேட்டர்னைத் தோல் மேல் பரப்புவதற்கு முன் இந்தத் தழும்புகளைச் சாக்பீஸால் வட்டம் போட்டு வைப்பார். இதைச் செய்கிறாரா என்று பார்த்தாலே ஆள் யார் என்று பாதி தெரிந்துவிடும்.

அளவுக்கு வருவோம். நீங்கள் கேட்ட சாமான்களுக்கு அகலம் 34 செ.மீ., உயரம் 26 செ.மீ., கனம் 8 செ.மீ. போதும். 14 இஞ்ச் லேப்டாப் படுக்கவசமாக உட்காரும். 15.6 இஞ்ச் என்றால் அகலத்தை 40-க்குக் கூட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மூலை முட்டிக்கொண்டே இருக்கும். இந்தக் கணக்கில் முன்பலகை 34×26. பின்பலகையும் மூடியும் ஒரே துண்டாக 34×54. அதாவது பின்புறம் 26, மேல் வளைவு 8, முன்னால் இறங்குவது 20. பின்பலகையையும் மூடியையும் தனித்தனியாக வெட்டி இணைத்தால் தோல் மிச்சமாகும் என்று சிலர் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். நாளுக்கு இருபது முப்பது தடவை மடங்குகிற இடத்தில் தையல் வந்தால் முதலில் போவது அதுதான். பக்கங்களையும் அடியையும் சுற்றி வரும் பட்டை 86 செ.மீ. நீளம், தையல் மடிப்பையும் சேர்த்து 10 செ.மீ. அகலம். உள்பாக்கெட் 22×16. தோள்பட்டை 4 செ.மீ. அகலத்தில் இரண்டு துண்டாக மொத்தம் 140 செ.மீ. பக்கிள் வார்களும் கைப்பிடியும் சேர்த்தால் எல்லாம் சுமார் 4,700 சதுர செ.மீ. ஒரு சதுர அடி என்பது 929 சதுர செ.மீ., ஆக 5 சதுர அடிக்குக் கொஞ்சம் மேலே. தழும்பு, வயிற்றோரம், வளைந்த ஓரம் எல்லாம் கழிவாகப் போவது முப்பது சதவீதம் என்று வையுங்கள், ஏழரை சதுர அடி வாங்க வேண்டியிருக்கும். "ஐந்தடிக்குத்தானே பை, ஏழரைக்கு ஏன் காசு" என்று சண்டை போடாதீர்கள். கழிவே இல்லாமல் வெட்டினேன் என்பவர் வயிற்றுத்தோலையும் பையில் சேர்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

எல்லாத் துண்டும் ஒரே கனத்தில் இருக்கக் கூடாது. முன், பின் பலகைக்கு 2 மி.மீ. வளைந்து திரும்பும் பக்கப்பட்டைக்கு 1.5. உள்பாக்கெட்டுக்கு 1 முதல் 1.2. தோள்பட்டைக்கு 3 முதல் 3.5. இப்படிச் செய்தாலே வெறும் பை ஒரு கிலோவுக்கு அருகில் வரும், பித்தளைச் சாமான் ஏறினால் அதையும் தாண்டும். எடை குறைய வேண்டும் என்றால் பையின் அளவைக் குறையுங்கள், தோலின் தடிப்பில் கை வைக்காதீர்கள்.

துண்டுகள் சேரும் இடத்தில் ஓரத்தை உளியால் சீவி மெலிதாக்குவது இந்த வேலையிலேயே கை அதிகம் பழக வேண்டிய இடம். ஓரத்திலிருந்து 10 முதல் 12 மி.மீ. உள்வரை சரிவாகச் சீவி, விளிம்பில் பாதிக் கனம் நிற்கும்படி விட வேண்டும். சீவாமல் மூன்று அடுக்கு ஒன்றாகச் சேர்ந்தால் அந்த இடம் கட்டியாகப் புடைக்கும், ஊசி கோணலாக இறங்கும். அதிகமாகச் சீவினால் தையல் போடும் கோட்டில் தோல் காகிதமாகி, இழுக்கும்போது கிழியும். மழுங்கின உளி இருந்தால் தோலை வெட்டாது, முன்னால் தள்ளிக்கொண்டு போய் அலை அலையாக விட்டுவிடும். நல்ல கைவேலைக்காரர் பத்துப் பதினைந்து இழுப்புக்கு ஒருமுறை உளியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டே இருப்பதற்குக் காரணம் இதுதான். பையைக் கையில் வாங்கும்போது கீழ் மூலைகளை விரலால் நெருடிப் பாருங்கள். அங்கே மேடு தட்டக்கூடாது, சுருக்கமும் இருக்கக்கூடாது. மூலை வளைவு குறைந்தது 4 செ.மீ. ஆரத்தில் இருந்தால்தான் பக்கப்பட்டை சுருங்காமல் திரும்பும். சதுர மூலை வேண்டும் என்று அடம்பிடித்தால் அந்தச் சுருக்கம் உங்கள் தலையில்தான்.

பக்கிள், டி வளையம், ரிவெட் மூன்றிலும் மட்டும் கஞ்சத்தனம் கூடவே கூடாது. பட்டைத்தோலில் பட்டையின் துவர்ப்புச் சத்தான டானின் இருக்கிறது. இரும்பு பட்டு, ஈரமும் சேர்ந்தால் கருநீலக் கறை பிறக்கும். கடுக்காயும் இரும்பும் சேர்த்து அந்தக் காலத்தில் எழுதும் மை காய்ச்சினார்களே, அதே வினை. தங்க நிறத்தில் பளபளக்கும் மலிவுச் சாமான்களில் பலவற்றின் உள்ளே இரும்பு, மேலே முலாம். கடலோரக் காற்றில் முலாம் ஒரு மழைக்காலத்தில் பொரிந்துவிடும், பிறகு வளையத்தைச் சுற்றித் தோல் கறுக்கும். ஒரு சிறு காந்தம் கொண்டு போங்கள். ஒட்டினால் வேண்டாம். ஒட்டாவிட்டாலும் அது துத்தநாகக் கலவை வார்ப்பாக இருக்கலாம். கையில் எடுத்துப் பாருங்கள், பித்தளை அதைவிடக் கனக்கும். உள்ளே கீறிப் பார்த்தால் பித்தளை உள்ளும் மஞ்சள்தான், வார்ப்பு வெள்ளையாக இருக்கும். பித்தளை சில மாதத்தில் மங்கும், தோலில் உள்ள எண்ணெய் பட்டுப் பச்சையாக மெழுகு போலவும் படியும். அது துடைத்தால் போகிற சங்கதி. காந்தப் பொத்தானுக்கும் இதே நியாயம்: அதில் இரும்பு இல்லாமல் வேலை நடக்காது. வார், பக்கிள் போதும்.

தோள்பட்டையை உடலோடு இணைக்கும் இடத்தில் ரிவெட் மட்டும் அடித்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். லேப்டாப், தண்ணீர், சாப்பாடு சேர்ந்து நாலைந்து கிலோ தொங்கும், பஸ் ஏறும்போது குலுக்கலில் அது இன்னும் கூடும். அந்த இழுப்பு முழுவதும் ஒரே ஓட்டையில் விழுந்தால் ஓட்டை நீள்வட்டமாகிக் கடைசியில் கிழியும். உள்பக்கம் 5×5 செ.மீ. தோல் துண்டு ஒன்று ஆதாரமாக வைத்து, சதுரமாகத் தைத்து, அதன் பிறகு ஒரு செம்பு ரிவெட் அடிக்கலாம். இழுக்கும் திசைக்குக் குறுக்காக ஒரே வரிசைத் தையல் நெருக்கமாகப் போட்டால் தபால்தலை ஓரம் போல அந்தக் கோட்டிலேயே கிழிய வசதி செய்து கொடுத்தது போலாகிவிடும். சதுரத்தின் நீளவாட்டத் தையல்தான் பாரத்தைத் தாங்குகிறது.

இப்போது, விலை ஏறுவதற்குக் காரணமான தையல். மிஷினில் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடிக்கின்றன. ஒன்று தேய்ந்து அறுந்தால் மற்றது உருவிக்கொண்டு வரும். கைத்தையலில் ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி. ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகக் கடந்து போகும். ஒரு இடத்தில் அறுந்தாலும் அடுத்த ஓட்டையில் மறுபாதி இறுகி நிற்கும். ஓரத்திலிருந்து 4 மி.மீ. தள்ளிக் கோடு போட்டு, 4 மி.மீ. இடைவெளியில் பற்கள் உள்ள முள்ளச்சை வைத்து மரச்சுத்தியால் தட்டி அடையாளம் போட்டு, வைர வடிவ முனை உள்ள குத்தூசியால் ஒவ்வொன்றாகத் துளைப்பார்கள். சணலும் இருக்கிறது, நைலானும் இருக்கிறது. நம்ம ஈரத்துக்கு 0.8 மி.மீ. பாலியஸ்டர் நூல்தான். பருத்தி நூல் உக்கிப்போகும், நைலான் வெயிலில் வலுவிழக்கும். தேன்மெழுகு பூசின நூல் ஓட்டையை அடைத்துக்கொண்டு நிற்பதால் தண்ணீர் உள்ளே கசிவதும் குறையும். மார்த்தாண்டம் பக்கம் தேன் வளர்ப்பவர்களிடமே மெழுகு கிடைக்கும். கிடைப்பதை அப்படியே தேய்க்காமல் வெந்நீரில் உருக்கித் துணியில் வடிகட்டி ஆற வைத்த பிறகுதான் எடுக்க வேண்டும். தேன் பிசுக்கு ஒட்டியிருந்தால் பைக்கு எறும்பு வரும்.

பக்கப்பட்டையின் இரண்டு ஓரமும் சேர்ந்து 172 செ.மீ., அதாவது 430 தையல். பாக்கெட், வார், கைப்பிடி எல்லாம் சேர்த்தால் அறுநூறைத் தாண்டும். நூல் தையல் நீளத்தைப் போல நாலு மடங்கு வேண்டும். அதற்காக 86 செ.மீ. ஓரத்தையும் ஒரே நூலில் தைக்க மூன்றரை மீட்டர் நூலை ஊசியில் கோத்தால், ஓட்டை ஓட்டையாக உராய்ந்து கடைசியில் பஞ்சாகிவிடும். பாதிப் பாதியாக, 43 செ.மீ.க்கு ஒன்றே முக்கால் மீட்டர் நூல் எடுப்பதே நல்லது. முடிவில் மூன்று தையல் பின்னோக்கிப் போய், நூலை 2 மி.மீ. விட்டு வெட்டி, லைட்டரில் காட்டி அமுக்கினால் முடிந்தது. முடிச்சு போட்டிருந்தால் அது அனுபவமில்லாத கை. பையின் உள்பக்கத் தையலைப் பாருங்கள். முன்பக்கம் எவ்வளவு சாய்வாக ஒழுங்காக இருக்கிறதோ ஏறக்குறைய அதே ஒழுங்கு பின்னாலும் இருக்க வேண்டும். பின்னால் ஒரு தையல் நேராக, ஒரு தையல் சாய்வாக இருந்தால் ஊசி மாற்றும் வரிசையை நடுவில் தவறவிட்டிருக்கிறார். வலு குறைந்துவிடாது, ஆனால் விலை பேசலாம்.

ஜிப், லைனிங் போன்றவற்றை மிஷினில் தைத்தால் அதைக் குறையாகச் சொல்லாதீர்கள். ஜிப் துணியில் பாரம் விழுவதில்லை, மிஷின்தான் அங்கே நேராகப் போகும். கைத்தையல் வேண்டியது பாரம் தாங்கும் இடங்களில். நூறு சதவீதம் கைவேலை என்று எழுதி ஒட்டினால் பை ஒன்றும் கூடுதலாக உழைக்காது.

பசைக்கு அதிகம் பேச்சு இல்லை. ஆனால் நம்ம ஊரில் அது கெடும் விதம் தனி. ரப்பர் சொல்யூஷனை இரண்டு பக்கமும் மெலிதாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பத்து நிமிடம்போல் விட்டு, பிறகு சேர்த்துத் தட்ட வேண்டும். மழை நாளில் அதில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன் மேல் படலமாக இறங்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஈரத்தின் மேல் ஒட்டினால் பிடித்தது போல இருந்துவிட்டு ஒரு மாதத்தில் அடுக்கு பிரியும். அதனால் ஜூன், ஜூலையில் "நாலு நாள் கழித்து வாருங்கள், மழை விடட்டும்" என்று சொன்னால் சாக்கு சொல்கிறார் என்று எண்ணாதீர்கள். பிப்ரவரி முதல் மே வரை சொல்லிச் செய்வது எல்லாருக்கும் நிம்மதி. குலசேகரம் பக்கத்து ஆட்கள் "ரப்பர் பால் இங்கேயே இருக்கிறதே" என்று கேட்பதுண்டு. மரத்திலிருந்து எடுத்த பால் அம்மோனியா கலக்காவிட்டால் சில மணி நேரத்தில் தானாகத் திரிந்துவிடும், தோலில் தடவினால் நாற்றமும் கறையும்தான் மிஞ்சும்.

ஓர வேலையைப் பார்த்தால் ஆளின் பொறுமை தெரியும். ஓரத்தின் கூர்விளிம்பைச் சீவி, 220, 400, 600 நம்பர் என்று உப்புத்தாள் மாற்றி மாற்றித் தேய்த்து, தண்ணீர் தொட்டு மரக்கட்டையால் சூடு பிறக்கும்வரை உரசி, கடைசியில் தேன்மெழுகு. இரண்டு அடுக்கு ஒன்றாகத் தெரிய வேண்டும். நடுவில் பசைக்கோடு வெள்ளையாகத் தெரிந்தால் அவசரம். இந்த உரசல் பட்டைத்தோலுக்குத்தான் பலிக்கும். குரோம் தோல் ஓரத்துக்கு எட்ஜ் பெயின்ட் இரண்டு மூன்று கோட்டு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு. ஈரக்காற்றில் காயாமல் அடுத்த கோட்டு ஏறினால் பிசுபிசுவென்றே நிற்கும், மடியும் இடத்தில் உரியும்.

லைனிங் வேண்டாம் என்பது என் கருத்து. பருத்தித் துணி லைனிங் ஈரத்தை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும், அதற்கும் தோலுக்கும் நடுவில் பூஞ்சணம் பூத்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. லேப்டாப்புக்காக உள்ளே ஸ்பாஞ்ச் வைத்துத் தைப்பது அதைவிட மோசம், ஒருமுறை நனைந்தால் ஒரு வாரம் காயாது. தோலின் உள்பக்கத்தையே மழமழவென்று தேய்த்து விடச் சொல்லுங்கள். லேப்டாப்புக்குத் தனி உறை வாங்கிக்கொள்ளுங்கள். லைனிங் இருந்தே ஆக வேண்டும் என்றால் நைலான் அல்லது பாலியஸ்டர். நனைந்த குடையை மட்டும் பைக்குள் வைக்காதீர்கள். அதற்கு வெளியே அடிப்பக்கம் இரண்டு வார் போட்டுக் கொடுக்கச் சொன்னால் செய்வார்கள்.

வேட்டி கட்டுகிறவராக இருந்தால் இன்னொன்று. சாயம் ஏற்றிய தோலை வாங்குவதற்கு முன் ஈரமான வெள்ளைத் துணியால் பத்து தடவை தேய்த்துப் பாருங்கள். லேசான பழுப்பு பரவாயில்லை, திட்டாக இறங்கினால் அந்தச் சாயம் வியர்வையில் உங்கள் இடுப்பில் இறங்கும்.

விலை நியாயமா என்றால் கணக்கு இப்படி. வெட்டுவது, சீவுவது அரை நாள். அறுநூறு தையலுக்குத் துளை போடுவதும் சேர்த்து முக்கால் நாளாவது ஆகும். ஓரமும் சாமான் பொருத்துவதும் அரை நாள். பேட்டர்ன் புதிதாக வெட்டுவதென்றால் அது தனி. ஆக இரண்டு நாள் நயமான கைவேலை. நம்ம மாவட்டத்தில் கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் நாள்கூலி என்ன என்று தெரியும். அதை இரண்டால் பெருக்கி, ஏழரை சதுர அடித் தோலையும் பித்தளையையும் கூட்டிப் பாருங்கள். அதன் மேல் கொஞ்சம் லாபம் வைத்துச் சொன்ன விலை என்றால் பேரம் பேசாதீர்கள். அதைவிடக் குறைவாகச் சொன்னால்தான் யோசிக்க வேண்டும், தோலிலோ பக்கிளிலோ கை வைத்திருப்பார். பேரம் பேச வேண்டும் என்றால் பூ வேலை, பெயர் அச்சு, கூடுதல் பாக்கெட் இவற்றைக் குறையுங்கள்.

பேசிக்கொள்ள வேண்டியதை வெட்டுவதற்கு முன் பேசுங்கள். வெட்டின தோலை ஒட்டவைக்க முடியாது. உங்கள் லேப்டாப்பையும் டப்பாவையும் நேரில் கொண்டு போய் அட்டைப் பேட்டர்னுக்குள் வைத்துப் பார்ப்பது சிறந்தது. தோள்பட்டை நீளத்தை உங்கள் தோளில் நாடா போட்டு அளக்கச் சொல்லுங்கள். பக்கிளுக்கு ஏழு ஓட்டை, 2.5 செ.மீ. இடைவெளியில் இருந்தால் மழைக்கோட்டு மேல் போடும்போதும் சரியாக வரும். மிச்சமான தோலில் ஒரு கையகலத் துண்டும், அதே நூலில் ஒரு மீட்டரும் கேட்டு வாங்கி வையுங்கள்.

வாங்கின பிறகு வருடத்துக்கு இரண்டு முறை எண்ணெய் காட்டினால் போதும்: மே கடைசியில் மழைக்கு முன், ஜனவரியில் மழை ஓய்ந்த பின். தேங்காய் எண்ணெய் வீட்டில் இருக்கிறதே என்று பூசாதீர்கள். தோல் திட்டுத்திட்டாகக் கறுக்கும், நார் தளரும், தூசி ஒட்டும். தேன்மெழுகு ஒரு பங்கு, விளக்கெண்ணெய் மூன்று பங்கு எடையில் எடுத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். நேரடித் தீ வேண்டாம், மெழுகு 65 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். ஆறினதும் சுண்டைக்காய் அளவு துணியில் எடுத்து முழுப் பைக்கும் பரப்பினால் போதும். முதலில் அந்தக் கையகலத் துண்டில் தடவி, மறுநாள் நிறம் எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள்.

மழையில் நனைந்தால் துடையுங்கள், தேய்க்க வேண்டாம். பட்டைத்தோலில் பாதி மட்டும் நனைந்திருந்தால் காய்ந்ததும் கோடு நிற்கும். ஈரத்துணியால் அந்தப் பலகை முழுவதையும் சமமாக ஒற்றிவிட்டுக் காயவிட்டால் கோடு மங்கும். உள்ளே செய்தித்தாள் திணித்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றி, நிழலில் ஃபேன் காற்றில் ஒன்றிரண்டு நாள். மொட்டைமாடி வெயிலிலோ அடுப்புப் பக்கமோ வைத்தால் தோல் சுருங்கி விறைக்கும், பிறகு எந்த எண்ணெயாலும் பழைய பதம் வராது. பயன்படுத்தாத நாளில் பிளாஸ்டிக் கவரில் கட்டி வைப்பது பூஞ்சணத்துக்குத் தொட்டில் கட்டுவதுதான். பழைய வேட்டித் துணியில் சுற்றி, காற்று படும் இடத்தில் தொங்கவிடுங்கள்.

வெள்ளையாகப் படிந்ததெல்லாம் பூஞ்சணம் அல்ல. தோலுக்குள் இருக்கும் கொழுப்பு சில சமயம் மேலே வந்து வெண்படலமாக உறையும். தலைமுடி உலர்த்தும் டிரையரை ஒரு நிமிடம் தூரத்தில் காட்டுங்கள். உருகி மறைந்தால் கொழுப்பு, துணியால் துடைத்துவிடலாம். மறையாமல் வாடையும் அடித்தால் பூஞ்சணம். அதை வீட்டுக்குள் தட்டாமல் வெளியே கொண்டு போய் உலர்ந்த துணியால் துடைத்து, வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து லேசாக ஒற்றி, நிழலில் உலர்த்தி, பிறகு மெழுகு காட்டுங்கள். இதையும் முதலில் மறைவான இடத்தில் பார்த்துவிட்டுத்தான். வேப்பிலை போட்டு வைத்தால் பூச்சி வராமல் இருக்கலாம், பூஞ்சணத்துக்கு அது கணக்கே இல்லை.

எங்காவது தையல் விட்டால் தெருவோரத்தில் மிஷினில் ஒரு ஓட்டு ஓட்டிவிடாதீர்கள். மிஷின் ஊசி பழைய ஓட்டைகளுக்கு நடுவில் புது ஓட்டை போட்டு அந்த ஓரத்தையே பலவீனமாக்கும். தைத்தவரிடமே கொண்டு போனால் அறுந்த இடத்துக்கு இருபுறமும் நாலைந்து தையல் பிரித்து, பழைய ஓட்டைகளிலேயே புது நூலை ஓட்டிக் கொடுப்பார். நீங்கள் வாங்கி வைத்திருக்கும் அந்த ஒரு மீட்டரில் இருபது செ.மீ. தையலை மறுபடி போட்டுவிடலாம்.